மாட்டு டாக்டர் வீட்டில் பேட்டரி மாற்றிய நாள்

போன வாரம் பட்டறைப் பக்கம் வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குப் பேட்டரி மாற்றுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். கை சுத்தமாக வேலை செய்தது. பத்து நிமிஷத்தில் பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். வேலையை விட்டுப் போனவன் பட்டறைக்குள் வந்து வாயைத் திறக்கக் கூடாது என்பது என் வழக்கம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சின் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நானும் ஒரு நாள் நினைத்தவன்தான். அந்த நாளைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எதை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் மாட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு. பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை பாலக்காட்டில் ஒரு பஸ் பட்டறையில். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் விட்டு அதிக வருஷம் ஆகவில்லை. அந்த வட்டாரத்திலிருந்த மோட்டார் சைக்கிள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று மீனாட்சிபுரத்தில் இருந்த சர்க்கார் மாட்டு டாக்டருடையது. பக்கவாட்டில் சைடுகார் வைத்த, கனத்த வண்டி. அந்தக் காலத்தில் பாதி வண்டிகள் பேட்டரி இல்லாமலே பொறி கொடுக்கும் மேக்னெட்டோவில் ஓடும். அவற்றுக்குப் பேட்டரி செத்தால் விளக்கு மட்டும்தான் போகும். டாக்டருடையது அப்படியில்லை. பேட்டரி போனால் எஞ்சினில் பொறியே வராது. வண்டி வெறும் இரும்பு.

அந்தச் சித்திரையில் வெக்கை நோய் வந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மாட்டுக்குக் காய்ச்சல் வரும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் நிற்காது. ஒரு வாரத்துக்குள் தொழுவம் காலியாகிவிடும். வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வருவதற்கு முன்னால் சீரம் என்கிற ஊசி மருந்தைப் போட்டுவிட்டால் மாடு தப்பிக்கும். மேற்கே ஒரு ஊரில் மாடுகள் விழுந்துகொண்டிருந்தன. கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம், மூன்று ஊர்களுக்கு நோய் இன்னும் போகவில்லை. அந்த மூன்றும் பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் ஊர்கள்.

நோய் பரவக் கூடாது என்று சர்க்கார் மாட்டு வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. கோபாலபுரம் எல்லையில் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. அது சரியான உத்தரவுதான். ஆனால் மருந்தையும் மாட்டு வண்டியில் கொண்டுபோக முடியாமல் போயிற்று. மருந்தோடு நோயும் அதே வண்டியில் போய் இறங்கும். கனத்த கண்ணாடிப் புட்டிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனால் நாளைக்கு ஒரு ஊர் பார்ப்பதே பெரிசு. வெயிலில் மருந்தும் கெட்டுப்போகும். ஆக, டாக்டரிடம் இருந்த ஒரே வழி அந்த மோட்டார் சைக்கிள். அதன் பேட்டரி அந்த நேரம் பார்த்துச் செத்துப்போனது.

டாக்டர் ரயில் கார்டிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். வண்டியைக் கொண்டுவர வழியில்லை, புதுப் பேட்டரி வாங்கி, சார்ஜ் ஏற்றி, தெரிந்த ஆளோடு வீட்டுக்கே அனுப்புங்கள், மூன்றாம் நாள் காலை ரயிலில் சீரம் வருகிறது என்று எழுதியிருந்தார். பட்டறை முதலாளி மூத்த ஆள் ஒருவரை அனுப்பத்தான் நினைத்தார். நான் போகிறேன் என்று முன்னால் போய் நின்றேன். பஸ் பேட்டரிகளையே அதுவரை எத்தனையோ மாற்றியிருக்கிறேன். அதில் பாதி கனம் இல்லாத மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு என்ன தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது என்கிற எண்ணம்.

பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. திராவகம் ஊற்றி, இரண்டு முழு நாள் சார்ஜில் போட்டு, நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை ரயிலில் அதைச் சாய்க்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அப்படியும் சிந்தின திராவகம் வேட்டியில் நாலைந்து ஓட்டை போட்டுவிட்டது. மீனாட்சிபுரத்தில் இறங்கியபோது பொள்ளாச்சிப் பக்கத்து ரயிலும் வந்து நின்றிருந்தது. டாக்டர் பிளாட்பாரத்தில் சீரம் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும், ஒல்லியான மனுஷர். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பேட்டரியைத்தான் முதலில் பார்த்தார்.

வீடு ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது. டாக்டருடைய சம்சாரம் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய், ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தார். அவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் ஊர் ஊராகப் போகும்போது சைடுகாரில் உட்கார்ந்து மருந்துப் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு போவது அவர்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. வண்டியைத் தினமும் துடைத்து வைப்பதும் அவரே.

வாசல் படல் ஓரத்தில் பால்காரக் கவுண்டர் ஒருவர் குந்தியிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து முதல் ஊர்க்காரர். விடிவதற்கு முன்னால் புறப்பட்டு நடந்தே வந்திருந்தார். மருந்து எப்போது வரும் என்று கேட்டுவரச் சொல்லி ஊரே அவரை அனுப்பியிருந்தது. நான் திருகுசாவியை எடுத்ததிலிருந்து என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மனுஷன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக வேகமெடுக்கும். அந்த வேகத்தில்தான் தப்பு நடக்கும்.

பழைய பேட்டரியின் இரண்டு முனைகளும் உப்புப் பூத்துப்போய், கூட்டல் கழித்தல் குறிகளைத் திராவகம் தின்றுவிட்டிருந்தது. நான் வெந்நீர் ஊற்றி, தட்டி, இரண்டு ஒயரையும் இழுத்துப் போட்டு, பேட்டரியை மரத்தடியில் வைத்தேன். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. குறிக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. எங்கள் பட்டறைக்கு வந்த பஸ்கள் எல்லாவற்றிலும் கழித்தல் முனைதான் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். அதனால் வண்டிச் சட்டத்திலிருந்து வந்த ஒயரைப் புதுப் பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டினேன். ஒயர் எட்டவில்லை. பேட்டரியையே திருப்பி வைத்து எட்ட வைத்தேன். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். ஒயர் எட்டவில்லை என்றால் வண்டி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

விளக்கைப் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. ஹாரன் அடித்தது. இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. படலோரத்தில் இருந்த கவுண்டர் எழுந்து, துண்டை உதறித் தலையில் கட்டினார்.

"நான் குறுக்கால போயி மாட்டையெல்லாம் கட்டி வெக்கச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வயல் வரப்பில் இறங்கி ஓடினார். வயசு அறுபதுக்கு மேல். அவர் ஓடின ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். டாக்டரம்மா பெட்டியைச் சைடுகாருக்குள் வைத்தார். நான் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா ஏறவில்லை. ஹெட்லைட்டின் மேல் இருந்த சின்ன மீட்டரைப் பார்த்தபடியே நின்றார். மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா, பேட்டரியிலிருந்து வெளியே வருகிறதா என்று முள்ளால் காட்டும் மீட்டர். நான் போட்டிருந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, சித்த இருங்க. வெளக்குப் போட்டா இந்த முள்ளு எப்பவும் இடப்பக்கம்தான் சாயும். இப்ப வலப்பக்கம் நிக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். முதலில் எனக்கு வந்தது கோபம். வண்டி துடைக்கிற அம்மாவுக்கு மீட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன். புதுப் பேட்டரி அல்லவா, அப்படித்தான் காட்டும் என்று ஒரு பொய்ச் சமாதானம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அதான் ஓடுதே, போதும். வந்து பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். அவர் கை ஆக்ஸிலேட்டரைத் திருகத் தயாராக இருந்தது.

அந்தச் சமயத்தில் என் மனசில் ஓடினதை நிதானமாகச் சொல்கிறேன். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், எஞ்சினும் பிடிக்கும். எல்லாம் சரி என்றே தோன்றும். வேகம் எடுத்து டைனமோ மின்சாரம் கொடுக்க ஆரம்பிக்கும் போதுதான் கதை மாறும். டைனமோ ஒரு திசையில் தள்ளும், பேட்டரியும் அதோடு சேர்ந்துகொண்டு தள்ளும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கட்-அவுட் என்கிற தானியங்கி ஸ்விட்ச் உருகி ஒட்டிக்கொள்ளும். டைனமோ கருகும். நல்லவேளையாக எஞ்சின் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, டைனமோ இன்னும் விழிக்கவில்லை. டாக்டர் கையைத் திருகியிருந்தால் ஓடை மணலுக்குள் வண்டி நின்றிருக்கும். பாலக்காட்டில் அந்த வண்டிக்கு இன்னொரு டைனமோ கிடையாது. மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

தப்பு செய்துவிட்டேன் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தப்பாக இருக்கலாம் என்றுதான் தெரியும். அந்தக் 'கலாம்'தான் நம் தொழிலில் மிகக் கஷ்டமான இடம். நிச்சயமாகத் தெரிந்த தப்பை எவனும் நிறுத்திவிடுவான்.

நான் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தேன். எஞ்சின் நின்றது.

டாக்டர் வண்டியை விட்டு இறங்கவில்லை. என்னையே பார்த்தார். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "கவுண்டர் போயி ஊரையே கூட்டி வெச்சிருவாரு" என்று மட்டும் சொன்னார்.

"நான் தப்பா மாட்டியிருக்கலாமுங்க. கால் மணி நேரம் கொடுங்க" என்றேன்.

கால் மணி நேரம் கேட்டுவிட்டேன், ஆனால் எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியவில்லை. முள் சாயும் பக்கம் டாக்டரம்மாவுக்கு மாறி ஞாபகம் இருக்கலாம். சும்மா ஒயரை மாற்றிப் போட்டுவிட்டால் அது ஒரு யூகத்தின் மேல் இன்னொரு யூகம். பழைய பேட்டரி பெட்டிக்குள் எப்படி உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தால் போதும், மற்றதைக் கண்டுபிடித்துவிடலாம். அதைக் கழற்றியவன் நான். எனக்கு ஞாபகம் இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். கோபத்தை விட்டு மரியாதையாகக் கேட்டேன். அவர் மரத்தடிக்குப் போய்ப் பழைய பேட்டரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதன் ஒரு மூலை உடைந்திருந்தது.

"இந்த ஒடைஞ்ச மூலை பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும். தொடைக்கறப்பத் துணி அதுல மாட்டிக்கும்" என்றார்.

பழையதை அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். சட்டத்து ஒயர் இழுக்காமல், முறுக்காமல் ஒரு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற ஒயர் மற்ற முனைக்குப் போனது. இரண்டும் அளவெடுத்து வைத்தது போல உட்கார்ந்தன. இனி ஒன்றுதான் பாக்கி. சட்டத்து ஒயர் தொட்ட முனையைக் கத்தியால் சுரண்டினேன். சாம்பல் நிறமாக இருந்தால் கழித்தல், காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் கூட்டல். வெயிலில் திருப்பிப் பார்த்தேன். காப்பிக்கொட்டை நிறம். அந்த வண்டியில் கூட்டல் முனைதான் சட்டத்தோடு சேரும். பஸ்ஸுக்கு நேர் எதிர்.

மூன்றும் ஒரே பேச்சைப் பேசின: மீட்டர் முள், ஒயரின் நீளம், முனையின் நிறம். இனி சந்தேகமில்லை. புதுப் பேட்டரியைத் திருப்பி வைத்தேன். இழுக்காமலே ஒயர்கள் எட்டின. விளக்கைப் போட்டேன். முள் இடப்பக்கம் சாய்ந்தது. டாக்டரம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சைடுகாரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் சர்டிபிகேட் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்தது. இந்தத் தடவை நானே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். முள் நடுவுக்கு வந்தது, நடுவைத் தாண்டி வலப்பக்கம் ஏறியது. டைனமோ விழித்து, பேட்டரிக்குள் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தது. டாக்டரும் குனிந்து பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் மூன்று பேரும் ஒரு சின்ன முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு டாக்டர் என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். நடுவழியில் நின்றால் உன்னைத்தான் கேட்பேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வண்டிப் பாதை சுற்றுப் பாதை. ஓடை மணலில் சக்கரம் புதைந்தது. நான் இறங்கித் தள்ளினேன். எஞ்சின் உறுமிக்கொண்டே மேலே ஏறியது. மேட்டில் ஏறியதும் ஊர் தெரிந்தது. களத்து மேட்டைச் சுற்றித் தென்னை மரத்துக்கு ஒன்றாக, கட்டுத்தறிக்கு ஒன்றாக மாடுகளைக் கட்டி வைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் நின்றார்கள். பால்காரக் கவுண்டர் நடுவில் நின்றார். வெகு நேரமாகியும் வண்டிச் சத்தம் வரவில்லை என்றதும், கவுண்டர் ஏமாந்துபோய் வந்திருக்கிறார் என்று ஆட்கள் மாட்டை அவிழ்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் ஒருவரையும் அவிழ்க்க விடவில்லையாம். சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகச் சொல்லி மல்லுக்கு நின்றிருக்கிறார். வண்டி மேட்டில் ஏறியதும் அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் வேலையை ஆரம்பித்தார். டாக்டரம்மா புட்டியை எடுத்துக் கொடுக்க, கவுண்டர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, ஒவ்வொன்றாக ஊசி ஏறியது. எனக்கு மாட்டுக்கு முன்னால் நிற்கப் பயம். வெந்நீரில் ஊசி கொதிக்க வைக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் முதல் ஊர் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டாவது முடிந்தது. மறுநாள் காலையில் மூன்றாவது. அத்தனை தூரமும் அந்த வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேற்கிலிருந்து வந்த நோய் ஓடை வரைக்கும் வந்தது. சில மாடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் தீனி தின்னாமல் கிடந்துவிட்டு எழுந்துகொண்டன. மூன்று ஊரிலும் தொழுவங்கள் நிறைந்தே இருந்தன.

பட்டறைக்குத் திரும்பியதும் நடந்ததை முதலாளியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். என்ன செய்வாரோ என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, இனி கழற்றுவதற்கு முன்னால் கோடு போடு என்றார். அதோடு விட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் கோடு போடாமல் ஒரு ஒயரைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் தம்பிகளே, சாக்குக்கட்டியைப் பற்றிச் சொல்ல இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நமக்கு எல்லா வண்டியும் தெரியும். ஒரு வண்டியைத் தினமும் தொடுகிறவருக்கு அந்த ஒரு வண்டி தெரியும். வண்டிக்காரர், அவர் வீட்டார், கழுவுகிறவர், யாராக இருந்தாலும் 'இது எப்பவும் இப்படி இருக்காது' என்று ஒருவர் சொன்னால் சாவியைக் கீழே வையுங்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும் வையுங்கள். காத்திருப்பவர்களுக்காகத்தான் வைக்கிறோம்.

ஒரு மாசம் கழித்து வேறு வேலையாகப் பொள்ளாச்சிக்குப் போனேன். மாட்டுத் தடையை அந்த வாரம்தான் எடுத்திருந்தார்கள். ரயில் மீனாட்சிபுரத்தில் நின்றபோது பிளாட்பாரம் முழுக்கப் பால் கேன்கள். அவற்றுக்கு நடுவில் பால்காரக் கவுண்டர் நின்றார். என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் ஓடி வந்து, என் பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இவருதானுங்க அன்னிக்கி டாக்டரு வண்டிய ஓட வெச்சவரு. எங்கூர்ல ஒன்னுகூடப் போகலீங்க."

"ஓட வெச்சதவிட, ஓடுன வண்டிய நிறுத்துனதுதானுங்க நான் செஞ்ச வேலை" என்றேன்.

கவுண்டருக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. கேனைத் திறந்து, அதன் மூடி நிறையப் பாலை ஊற்றி ஜன்னல் வழியாக நீட்டினார். காலையில் கறந்த பால், சூடு இன்னும் ஆறவில்லை. கார்டு விசில் ஊதினார். கவுண்டர் அவரைத் திரும்பிப் பார்த்து, இவர் குடித்து முடிக்கட்டும் என்று கையைக் காட்டினார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் ரயில் நின்றது.